மாடியில மிளகாய், பாட்டில்ல ஹாட் சாஸ்: இது ஹாபியா, சைடு இன்கமா?

"10 க்ரோ பேக் வெச்சா போதும், வீட்டுலயே ஹாட் சாஸ் செஞ்சு மாசம் 20,000 ரூபாய் சம்பாதிக்கலாம்." இந்த மாதிரி தலைப்போட ஒரு வீடியோவையாவது நீங்க பார்த்திருப்பீங்க. மிளகாய்ச் செடி மாடியில சுலபமா வளரும். சாஸ் செய்றதும் பெரிய வித்தை இல்ல. அதனால அந்த 20,000 நமக்கும் கிடைக்கும்னு தோணும்.

ஆடிட்டர் கண்ணோட பார்த்தா கேள்வி வேற. ஒரு பாட்டில் வித்தா உங்க கையில எவ்வளவு நிக்கும்? அதுக்கு எத்தனை மணி நேரம் போகும்? வரி கட்டின பிறகு மிச்சம் என்ன? இந்த மூணு கேள்விக்கும் இந்தக் கட்டுரையில கணக்கு போட்டுப் பார்க்கலாம். முதல்ல செடி, அப்புறம் சாஸ், கடைசியா பணம்.

செடி: எந்த மிளகாய், எப்படி வளர்க்கிறது?

மாடிக்கு ஏத்த மிளகாயை மூணு வகையா பிரிச்சுக்கலாம்.

முதல் வகை, நம்ம கடைகள்ல கிடைக்கிற சாதாரண மிளகாய். சம்பா, குண்டு எல்லாம் இதுல வரும். 2023-ல புவிசார் குறியீடு வாங்கின ராமநாதபுரம் முண்டு மிளகாயும் இந்தக் குடும்பம்தான். இரண்டாவது, காந்தாரி. சின்னதா இருக்கும், வானத்தைப் பார்த்து காய்க்கும், காரம் நல்லா ஏறும். மூணாவது, ஹபனேரோ, பூத் ஜோலோக்கியா மாதிரி அதிகாரம் பிடிச்ச வகைகள். நம்ம வடகிழக்கு மாநிலங்கள்ல விளையுற பூத் ஜோலோக்கியா 2007-ல உலகத்திலேயே காரமான மிளகாய்னு கின்னஸ்ல இடம் பிடிச்சது. அதோட காரம் ஸ்கோவில் அளவுல 10 லட்சத்துக்கு மேல. அமெரிக்காவின் டபாஸ்கோ சாஸ் 2,500-லிருந்து 5,000 வரைதான். வித்தியாசத்தை யோசிச்சுப் பாருங்க.

வளர்ப்பு முறை சுருக்கமா:

- விதையை நாற்றுத் தட்டுல, தேங்காய் நார்க்கழிவுல போடுங்க. சாதாரண மிளகாய் 7 முதல் 14 நாள்ல முளைக்கும். ஹபனேரோ, ஜோலோக்கியாவுக்கு 3, 4 வாரம் கூட ஆகலாம். முளைக்கலைன்னு தட்டைக் கொட்டிடாதீங்க.
- 30 முதல் 40 நாள்ல நாற்றை 12 அங்குல பைக்கு மாத்துங்க. செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் மூணும் சம அளவு போதும். பைக்கு அடியில தண்ணி வடியிற ஓட்டை இருக்கணும்.
- தினமும் 6 மணி நேரம் வெயில் வேணும். ஆனா சித்திரை, வைகாசி வெயில்ல பூ கொட்டிடும். அந்த ரெண்டு மாசத்துக்கு நிழல்வலை கட்டுங்க.
- இலை சுருண்டா இலைப்பேனோ சிலந்திப்பேனோ வந்திருக்குன்னு அர்த்தம். ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் இலைக்கு அடியில படுற மாதிரி தெளிங்க.

நாற்று நட்டு ரெண்டு மாசம் வாக்குல பச்சை மிளகாய் பறிக்கலாம். சாஸுக்கு நல்லா பழுத்த சிவப்பு மிளகாய்தான் ருசி. அதுக்கு இன்னும் சில வாரம் செடியிலேயே விடணும்.

சாஸ்: ருசியை விட முக்கியமான ஒரு எண்

நல்ல ஹாட் சாஸுக்குப் பொருள் அதிகம் தேவையில்ல. டபாஸ்கோ 1868-லிருந்து லூசியானாவின் ஏவரி தீவுல தயாராகுது. மூலப் பொருள் மூணே மூணு: மிளகாய், உப்பு, வினிகர். அரைச்ச மிளகாயை உப்பு போட்டு மர பீப்பாயில மூணு வருஷம் வரைக்கும் ஊற வைக்கிறாங்க.

நமக்கு மூணு வருஷம் வேண்டாம், ரெண்டு வாரம் போதும்.

1. பழுத்த மிளகாய் 1 கிலோ. கழுவி, காம்பைக் கிள்ளி, ரெண்டா நறுக்குங்க. கையுறை கட்டாயம். காந்தாரி நறுக்கின கையால கண்ணைத் தொட்டா அன்னைக்கு முழுக்க லீவுதான்.
2. 1 லிட்டர் தண்ணில 60 கிராம் கல்லுப்பைக் கரைங்க. மிளகாய், தண்ணி ரெண்டும் சேர்ந்த எடைக்கு இது 3 சதவீதம். கண்ணாடி ஜாடியில மிளகாயும் கொஞ்சம் பூண்டும் போட்டு இந்தத் தண்ணியை ஊத்துங்க. மிளகாய் மேல மிதக்காம ஒரு சின்ன கனமான கிண்ணத்தால அமுக்கி வைங்க.
3. 7 முதல் 14 நாள் நிழல்ல புளிக்க விடுங்க. தினமும் மூடியை லேசாத் திறந்து வாயுவை வெளியேத்துங்க. மேல மெல்லிசா வெள்ளை ஏடு படிஞ்சா எடுத்துடலாம். பச்சை, கறுப்பு, பஞ்சு மாதிரி பூஞ்சை வந்தா மொத்த ஜாடியையும் கொட்டிடுங்க. அங்க பணத்தைப் பார்க்காதீங்க.
4. வடிச்சு, வினிகர் சேர்த்து மிக்ஸியில அரைச்சு, எவர்சில்வர் பாத்திரத்துல 10 நிமிஷம் கொதிக்க விடுங்க. அலுமினியம் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைங்க, நெடி தூக்கும். கொதிநீர்ல சுத்தம் பண்ணின கண்ணாடி பாட்டில்ல சூடா ஊத்தி மூடுங்க.

இப்போ அந்த எண். புளிப்பை அளக்குற பிஎச் அளவு 4.6-க்கு மேல இருந்தா, காத்துப் புகாத பாட்டில்ல பாட்டுலிசம்ங்கிற நோயை உண்டாக்குற கிருமி வளர வாய்ப்பு இருக்கு. அது உயிருக்கே ஆபத்து. வாசனையிலயோ நிறத்துலயோ கண்டுபிடிக்க முடியாது. அதனால உங்க சாஸ் 4.0-க்குக் கீழ இருக்கட்டும். பிஎச் மீட்டர் வாங்கி ஒவ்வொரு பேட்சையும் அளந்து, தேதியோட நோட்டுல எழுதுங்க. கூடினா இன்னும் வினிகர் சேர்த்துத் திரும்ப அளங்க. "எங்க பாட்டி ஊறுகாய்க்கு மீட்டரா வெச்சாங்க?"ன்னு கேட்கலாம். அந்த ஊறுகாயில உப்பு பல மடங்கு அதிகம், சாப்பிட்டதும் வீட்டு ஆட்கள். நீங்க காசு வாங்கிட்டு முகம் தெரியாதவங்களுக்குக் கொடுக்கப் போறீங்க.

காஸ்ட் ஷீட்: ஒரு பாட்டில்ல எவ்வளவு நிக்குது?

கீழே இருக்கறது எடுத்துக்காட்டுக்கான கணக்கு. விலை ஊருக்கு ஊர் மாறும், உங்க எண்ணை நீங்க போட்டுக்கோங்க.

முதல்ல தோட்டம். 10 பை 400 ரூபாய், மண் கலவை 800, விதை 100, வேப்பெண்ணெய், உரம் 300, நிழல்வலை 400. மொத்தம் 2,000 ரூபாய். ஒரு செடிக்கு 600 கிராம் வீதம் 6 கிலோ காய்ச்சதுன்னு வெச்சுக்கோங்க. கிலோவுக்கு 333 ரூபாய் ஆகுது. மார்க்கெட்ல மிளகாய் 80 ரூபாய்க்கு கிடைக்கிற நாள்ல, உங்க மாடி மிளகாய் நாலு மடங்கு விலை. பையும் வலையும் அடுத்த பருவத்துக்கும் உதவும், அப்போ விலை இறங்கும். ஆனா முதல் பருவத்துல நிலைமை இதுதான்.

இப்போ 1 கிலோ மிளகாயில 100 மில்லி பாட்டில் 10 வருதுன்னு எடுத்துக்குவோம்.

- மிளகாய்: 330
- பூண்டு, உப்பு, வினிகர்: 120
- கண்ணாடி பாட்டில்: 220
- லேபிள், சீல்: 60
- கேஸ், கரண்ட், சோதனைச் செலவு: 70
- மொத்தம்: 800 ரூபாய், அதாவது பாட்டிலுக்கு 80

பாட்டிலை 180 ரூபாய்க்கு விக்கிறீங்க. "100 ரூபாய் லாபம், 125 சதவீத மார்க்அப்!" வீடியோ இந்த இடத்துல முடிஞ்சிடும். நாம இங்கேயிருந்துதான் ஆரம்பிக்கணும்.

பத்துல ஒரு பாட்டில் சாம்பிளாப் போகும். மிச்சம் 9 வித்தா 1,620. அனுப்புற அட்டைப்பெட்டிக்கு 15 வீதம் 135 கழிங்க. கூரியர் செலவை வாங்குறவரே கொடுக்குறார்னு வெச்சுக்குவோம். நிகரம் 685 ரூபாய். ஜாடி, மீட்டர், எடை மெஷின் வாங்கின செலவை இதுல சேர்க்கவே இல்ல.

அடுத்து நேரம். செடிக்கு தினமும் 15 நிமிஷம்னா 120 நாள்ல 30 மணி நேரம். 6 கிலோவுக்குப் பிரிச்சா கிலோவுக்கு 5 மணி. நறுக்கிப் போட 2 மணி. புளிக்கிறதைப் பார்த்துக்க ஒன்றரை. அரைச்சு, கொதிக்க வெச்சு, பாட்டில்ல ஊத்த ரெண்டரை. லேபிள் ஒட்டி, வாட்ஸ்அப்ல பதில் சொல்லி, கூரியர் போட்டு வர 3. மொத்தம் 14 மணி நேரம்.

685-ஐ 14-ஆல வகுத்தா, மணிக்கு 49 ரூபாய்.

உங்க சம்பளம் மாசம் 50,000-ன்னா, 22 நாள், நாளுக்கு 9 மணி நேரம்னு கணக்கு போட்டா மணிக்கு சுமார் 252 ரூபாய். ஆபீஸ்ல உங்க ஒரு மணி நேரத்தோட மதிப்புல அஞ்சுல ஒரு பங்குதான் மாடியில கிடைக்குது.

அப்போ லாபம் எங்க இருக்கு?

இதே கணக்கை மாத்திப் பாருங்க. மிளகாயை மார்க்கெட்ல 80 ரூபாய்க்கு வாங்குறீங்க. செலவு 250 குறையுது, நேரம் 5 மணி குறையுது. நிகரம் 935, நேரம் 9 மணி. மணிக்கு 104 ரூபாய்.

இன்னும் ஒரு படி. ஒரே தடவையில 5 கிலோ போடுறீங்க. 50 பாட்டில், விக்கிறது 45. வரவு 8,100. மிளகாய் 400, மத்த பொருள் 600, பாட்டில் 1,100, லேபிள் 300, கேஸ், சோதனை 200. மொத்தம் 2,600. அட்டைப்பெட்டி 675. நிகரம் 4,825. நேரம் அஞ்சு மடங்கு ஆகாது, 25 மணி நேரத்துல முடியும்னு வெச்சா மணிக்கு 193 ரூபாய்.

புரியுதா? சாஸ்ல காசு இருந்தா அது பேட்ச் அளவுல இருக்கு, மாடியில இல்ல. செடி வளர்க்கிறது மனசுக்கு நல்லது. ஆனா மார்க்கெட்ல சுலபமா கிடைக்கிற மிளகாயை மாடியில வளர்த்து சாஸ் விக்கிறது, பக்கத்துக் கடையில பால் இருக்கும்போது டீக்காக மாடு வாங்குற மாதிரி. மாடிக்கு வியாபாரத்துல ஒரே ஒரு நியாயமான இடம் உண்டு: உங்க ஊர்ல கிடைக்காத காந்தாரி, ஹபனேரோ மாதிரி வகைகள். அதுக்கு கூடுதல் விலை கொடுக்க ஆள் இருந்தா மட்டும்.

இன்னொன்னு, 45 பாட்டில் விக்கிற வரைக்கும் உங்க பணம் அலமாரியில உட்கார்ந்திருக்கும். மூணு வருஷம் பீப்பாயில சரக்கைப் பூட்டி வைக்க டபாஸ்கோவால முடியும். கிரெடிட் கார்டுல பாட்டில் வாங்கின உங்களால முடியாது. முதல் பேட்ச் விக்கிறதுக்கு முன்னாடி இரண்டாவது பேட்சுக்குப் பாட்டில் ஆர்டர் போடாதீங்க.

விக்க ஆரம்பிச்சா சட்டம் என்ன கேட்கும்?

நண்பர்களுக்கு சும்மா கொடுக்குற வரைக்கும் எதுவும் வேண்டாம். காசு வாங்கினா இதெல்லாம் வரும்:

- எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு. 2006-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டுல செஞ்சு விக்கிறவங்களுக்கும் பதிவு கட்டாயம். சின்ன உற்பத்தியாளர்களுக்கு லைசென்ஸ் வேண்டாம், ஃபாஸ்காஸ் தளத்துல எளிய பதிவு போதும். இதுக்கான கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய்னுதான் ரொம்ப நாளா இருக்கு. 100 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் மாட்டிக்காதீங்க.
- லேபிள். 14 இலக்கப் பதிவு எண், சேர்மானங்கள், நிகர அளவு, பேட்ச் எண், தயாரிச்ச தேதி, எம்ஆர்பி, பச்சைப் புள்ளி, உங்க முகவரி எல்லாம் வேணும்.
- ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் சரக்கு விக்கிறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்ல. ஆனா ஒரே ஒரு பாட்டிலை பெங்களூருக்கு வித்தாலும் அது வெளிமாநில விற்பனை. வரி உள்ள சரக்குக்கு அங்கே முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். சாஸுக்கு வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. வரி குறைவுதான், ஆனா ரிட்டர்ன் போடுற வேலை குறையாது.
- பொறுப்பு. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பொருளால வர்ற பாதிப்புக்குத் தயாரிப்பாளர்தான் பொறுப்பு. அந்த பிஎச் நோட்டு உங்களோட முதல் ஆதாரம்.
- ஆபீஸ். உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல வேற தொழில் செய்யக் கூடாதுன்னு வரி இருக்கான்னு பாருங்க. இருந்தா எச்ஆர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க.

யாரும் சொல்லாத வரிக் கணக்கு

"மாடியில விளையுது, விவசாய வருமானம், வரி கிடையாது"ன்னு சிலர் சொல்வாங்க. மிளகாயை சாஸா மாத்தி விக்கிற லாபம் தொழில் வருமானம். வரி உண்டு. இதுல ரெண்டு பொறி இருக்கு.

பொறி 1. சம்பளம் மட்டும் வாங்குறவங்க ஒவ்வொரு வருஷமும் பழைய முறை, புதிய முறைல எது லாபமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டா அந்த சுதந்திரம் போயிடும். பழைய முறைக்குப் போனவங்க புதிய முறைக்குத் திரும்ப வரலாம். ஆனா அதுக்கு அப்புறம் தொழில் வருமானம் இருக்குற வரைக்கும் பழைய முறை கிடைக்காது. வீட்டு வாடகை, வீட்டுக் கடன் வட்டின்னு பழைய முறைல பெரிய கழிவு வாங்குறவங்க, சாஸ்ல வர்ற சில ஆயிரத்துக்காக இந்த உரிமையை விடலாமான்னு யோசிங்க.

பொறி 2. 2025-26 நிதியாண்டு விதிப்படி, புதிய முறைல சம்பளம் 12,75,000 வரை வரி பூஜ்யம். 75,000 நிலையான கழிவு போக 12 லட்சம், அதுக்கு முழுத் தள்ளுபடி. நீங்க சரியா அந்த விளிம்புல இருக்கீங்கன்னு வைங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு 5 கிலோ பேட்ச், வருஷத்துக்கு 6 பேட்ச். லாபம் 28,950, முழுசா 30,000-ன்னே வைங்க. இப்போ வருமானம் 12,30,000. தள்ளுபடி போச்சு. விளிம்பு நிவாரணம் உங்க வரியை 12 லட்சத்துக்கு மேல உள்ள 30,000-ஓட நிறுத்தும். அதுக்கு மேல 4 சதவீத செஸ் 1,200. மொத்த வரி 31,200.

150 மணி நேர உழைப்பு. 30,000 லாபம். 31,200 வரி. கையில மைனஸ் 1,200 ரூபாய்.

எல்லாருக்கும் இப்படி ஆகாது. சம்பளம் 6 லட்சம்னா அதே 30,000-க்கு வரி பூஜ்யம், முழுசும் உங்களுக்குத்தான். 30 சதவீத ஸ்லாப்ல இருந்தா 9,360 போகும். விளிம்புல இருக்குறவங்க, நிறுவனம் மூலமா என்பிஎஸ் பங்களிப்பு வாங்கினா வரிக்குரிய வருமானத்தை சட்டப்படி குறைக்கலாம். புதிய முறையிலயும் அது அனுமதி. விக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எச்ஆர்கிட்ட இதைப் பேசுங்க, மார்ச் மாசம் இல்ல.

நீங்க என்ன பண்ணலாம்?

ஹாபின்னா தைரியமா ஆரம்பிங்க. 4 பை போதும். வருஷத்துக்கு ஒரு 1,500 ரூபாய் பொழுதுபோக்கு பட்ஜெட்ல ஒதுக்குங்க. ரெண்டு சினிமா, ஒரு பாப்கார்ன் செலவுல வருஷம் முழுக்க உங்க கையால செஞ்ச சாஸ். அதுல லாப நட்டம் பார்க்காதீங்க.

சைடு இன்கம்னா, இந்த வரிசையில போங்க:

1. மார்க்கெட் மிளகாயில 1 கிலோ சோதனை பேட்ச். 10 பேருக்கு சும்மா கொடுங்க. "சூப்பர்"னு சொல்றவங்களை எண்ணாதீங்க. "அடுத்த பாட்டில் எப்போ, எவ்வளவு?"ன்னு கேட்குறவங்களை எண்ணுங்க.
2. பத்துல நாலு பேராவது காசு கொடுத்துக் கேட்டா, எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு. அதுக்கு அப்புறம்தான் விற்பனை.
3. மூணு பேட்ச் வரைக்கும் மொத்த முதலீடு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கடன் கூடவே கூடாது.
4. ஒவ்வொரு பேட்சுக்கும் ஷீட்ல மூணு காலம்: செலவு, வரவு, மணி நேரம். மூணாவது காலத்தை நிரப்பாதவங்களுக்குத்தான் எல்லா சைடு இன்கமும் லாபமாத் தெரியும்.
5. மூணு பேட்ச் முடிஞ்சதும், வரி போக மணிக்கு எவ்வளவுன்னு பாருங்க. உங்க சம்பள மணிக்கூலியில பாதி கூட வரலைன்னா, அந்த நேரத்தை சம்பளம் கூடுற மாதிரி ஒரு சர்டிஃபிகேட்டுக்கோ, தூக்கத்துக்கோ கொடுங்க. சாஸை வீட்டுக்கு மட்டும் செய்ங்க.

இந்த வாரக் கடைசில விதை போடுங்க, தப்பே இல்ல. அது முளைச்சு, பூத்து, பழுக்குறதுக்குள்ள மார்க்கெட் மிளகாயில மூணு பேட்ச் போட்டு கணக்கே எழுதி முடிச்சிடலாம். மாடியில முதல் சிவப்பு மிளகாய் பறிக்கும்போது, அது தோசைக்கா வியாபாரத்துக்கான்னு உங்க ஷீட்டே சொல்லிடும்.